கையால் ஓடுகிறது, தானாக ஓடவில்லை

(கணினித் துறை மாணவர்களும் சர்வர் நிர்வாகிகளும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



சர்வர் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் புகார் ஒன்று உண்டு. "சார், கையால் ஓட்டினால் அருமையாக ஓடுகிறது. மெஷினை ரீபூட் செய்தால் வரமாட்டேன் என்கிறது." சொல்லிவிட்டு, மென்பொருளை அழித்து மறுபடி நிறுவலாமா என்று அடுத்த கேள்வியும் கேட்பார்கள்.

வேண்டாம். புகாரிலேயே பாதி விடை இருக்கிறது. கையால் ஓடுகிறது என்றால் மென்பொருள் நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் நீங்கள் ஓட்டியபோது கூட இருந்த ஏதோ ஒன்று, பூட் ஆகும்போது இல்லை. அது ஒரு கோப்பாக இருக்கலாம், ஒரு உரிமையாக இருக்கலாம், நெட்வொர்க் வந்து சேர எடுக்கும் ஐந்து விநாடியாகவும் இருக்கலாம். பிழை எங்கே என்று அலைவதைவிட, இரண்டு ஓட்டங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் சீக்கிரம் வீடு போய்ச் சேரலாம். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் அந்த வித்தியாசத்தை எந்த வரிசையில் தேடுவது என்பது.

உதாரணங்களை ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். அங்கே தொடக்க ஏற்பாடு முழுவதும் சாதாரண ஷெல் ஸ்கிரிப்ட். சந்தேகம் வந்தால் கோப்பைத் திறந்து படித்துவிடலாம்.

அந்த ஏற்பாடு எப்படி இந்த வடிவத்துக்கு வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1979இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் ஆர்சி என்ற ஒரே ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் தொடங்கிவைத்தது. பிஎஸ்டி வகைகளும் வெகுகாலம் அதே வழியில் போயின. நடுவில் ஒரு சேவையை மட்டும் நிறுத்தித் தொடங்க வேண்டுமானால், அந்தப் பெரிய கோப்புக்குள் போய், அது என்னென்ன ஆப்ஷன்களோடு தொடங்கப்பட்டது என்று தேடிப் பிடித்துக் கையால் தட்ட வேண்டும். சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ் சேவைக்கு ஒரு ஸ்கிரிப்ட் என்று பிரித்தது. வரிசைக்குக் கோப்பின் பெயரிலேயே எஸ்20, எஸ்85 என்று எண் போட்டது. 20 ஏன் 20 என்பதற்குக் காரணம் எங்கும் எழுதியிருக்காது. 2000 டிசம்பரில் வெளிவந்த நெட்பிஎஸ்டி 1.5 வேறு வழி கண்டது. சேவைக்கு ஒரு ஸ்கிரிப்ட் இருக்கும். ஆனால் எண் கிடையாது. 'நான் இதைத் தருகிறேன், எனக்கு முன்னால் அது வர வேண்டும்' என்று ஒவ்வொரு ஸ்கிரிப்டும் தன் தலையிலேயே எழுதிவைத்துக்கொள்ளும். ஆர்சிஆர்டர் என்ற சிறு நிரல் எல்லாவற்றையும் படித்து வரிசை போடும். இதன் வடிவமைப்பை லூக் மியூபர்ன் 2001ஆம் ஆண்டு யூஸ்நிக்ஸ் மாநாட்டுக் கட்டுரையில் விளக்கியிருக்கிறார். 2003 ஜனவரியில் வந்த ஃப்ரீபிஎஸ்டி 5.0 இந்த ஏற்பாட்டை எடுத்துக்கொண்டது.

இப்போது ஒரு சேவையைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் 'பதிவேடு'. பைத்தானில் எழுதிய சின்ன வலைச் செயலி, 8080 போர்ட்டில் காத்திருக்கும். அதற்கென்று ஒரு பயனர் கணக்கு உண்டு. கையால் ஓடுகிறது, ரீபூட் செய்தால் வரவில்லை. நான்கு கேள்விகள் கேட்போம்.

முதல் கேள்வி: அதை யாராவது கூப்பிட்டார்களா?

சிரிக்காதீர்கள். சேவை தோற்றது என்று லாக்கில் மணிக்கணக்காகத் தேடுவார்கள். கடைசியில் அதை யாருமே தொடங்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஃப்ரீபிஎஸ்டியில் ஆர்சி.கான்ஃப் கோப்பில் அந்தச் சேவையின் 'எனேபிள்' மாறிக்கு 'எஸ்' என்று கொடுத்தால்தான் அது பூட்டில் தொடங்கும். கொடுக்காமல் நீங்கள் கையால் 'ஸ்டார்ட்' என்றால், முடியாது, முதலில் எனேபிள் செய், அல்லது 'ஒன்ஸ்டார்ட்' என்று கேள் என அது தெளிவாகவே பதில் சொல்லும். பூட்டின்போது அதே நிலைமையில் அது வாயே திறக்காது. எனேபிள் செய்யாத சேவைகள் பல டஜன் இருக்கும். ஒவ்வொன்றும் புலம்பினால் திரை தாங்காது என்பதால் இந்த ஏற்பாடு. ஆகவே 'ஒன்ஸ்டார்ட்' போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு எனேபிள் செய்ய மறந்தவருக்கு, பூட்டில் மௌனம்தான் பதில்.

ஆர்சி.கான்ஃப் பார்ப்பதற்கு அமைப்புக் கோப்புபோல இருந்தாலும், அதுவும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்தான். இதிலிருந்து மூன்று விஷயங்கள் பிறக்கின்றன. ஒரே மாறியை இரண்டு இடத்தில் எழுதினால் கடைசியில் வருவதே செல்லும். மேலே 'எஸ்', நாற்பது வரி தள்ளிக் கீழே 'நோ' என்றால் 'நோ'தான். மாறியின் பெயரில் இடைக்கோடு வரக் கூடாது. கோப்பின் பெயரில் இடைக்கோடு இருந்தாலும் மாறியில் அடிக்கோடு போட வேண்டும். மூன்றாவது, ஒரு மேற்கோள் குறியை மூடாமல் விட்டால் போதும். பாதிக்கப்படுவது பதிவேடு மட்டும் அல்ல, மெஷினே ஒழுங்காக எழுந்திருக்காது. அப்போது ஒற்றைப் பயனர் முறையில் நுழைந்து, படிக்க மட்டுமே மவுண்ட் ஆகியிருக்கும் ரூட் பகுதியை எழுதும்படி மாற்றி, அந்த ஒரு குறியைப் போட வேண்டும். கோப்பைச் சேமித்ததும் 'எஸ்ஹெச் -என்' கொடுத்து இலக்கணம் சரிதானா என்று பார்த்துவிட்டால் இந்தச் சங்கடமே இல்லை. 'சிஸ்ஆர்சி' கமாண்ட் மூலம் மாற்றினால் மேற்கோள் குறியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

கூப்பிடாமல் விடப்படுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஸ்கிரிப்டுக்கு இயக்கும் உரிமை இல்லையென்றால் அதை ஆர்சி கண்டுகொள்ளாது. பெயர் '.பேக்', '.ஒரிஜ்' என்று முடிந்தால் பழைய பிரதி என்று ஒதுக்கிவிடும். அதை நம்பி நீங்கள் 'பதிவேடு.பழையது' என்று ஒரு நகலை அதே டைரக்டரியில் வைத்தால், அந்தப் பெயர் ஒதுக்கல் பட்டியலில் இல்லாததால் அதுவும் ஓடும். ஒரே சேவை இரண்டு தடவை தொடங்கும். நகல் எடுப்பதானால் வேறு டைரக்டரியில் வையுங்கள்.

இரண்டாவது கேள்வி: எப்போது கூப்பிட்டார்கள்?

ஸ்கிரிப்டின் தலையில் 'ரெக்வயர்' என்று ஒரு வரி வரும். பதிவேட்டுக்குத் தரவுத்தளம் தேவை. எனவே அதன் பெயரை அங்கே எழுதுகிறோம். எழுதிவிட்டு, தரவுத்தளம் தயாரான பிறகே நம் சேவை தொடங்கும் என்று நம்பிவிடுகிறோம். அந்த வரி அப்படி எந்த உறுதியும் தரவில்லை. கல்யாணப் பந்தியில் சாதத்துக்குப் பிறகுதான் சாம்பார் என்பது வரிசை. சாதம் வெந்ததா, இந்த இலையில் விழுந்ததா என்பதை அந்த வரிசை சொல்லாது. 'ரெக்வயர்' வெறும் முன்பின் சொல்கிறது. தரவுத்தளம் எனேபிள் ஆகாமலே இருந்தாலும், தொடங்கி உடனே விழுந்திருந்தாலும், தன் கோப்புகளைச் சரிசெய்துகொண்டு இன்னும் தயாராகாமல் இருந்தாலும், முறை வந்ததும் பதிவேடு கூப்பிடப்படும். நீங்கள் உட்கார்ந்து கையால் ஓட்டும்போது தரவுத்தளம் தொடங்கி வெகுநேரம் ஆகியிருக்கும். வித்தியாசம் அங்கே.

நெட்வொர்க்கும் அப்படியே. 'நெட்வொர்க்கிங்' என்ற கட்டம் தாண்டிவிட்டது என்பதற்காக, கேபிள் இணைப்பு உயிர்பெற்றுவிட்டது, வெளியே பேச முடிகிறது என்று அர்த்தம் ஆகாது. இதற்கென்றே ஃப்ரீபிஎஸ்டியில் 'நெட்வெய்ட்' என்று ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் ஐபி முகவரி பதில் தரும்வரை, ஒரு வரம்புக்குள், அது காத்திருந்து பார்க்கும். ஆனால் எல்லா இடத்திலும் காத்திருப்பு வைப்பது வைத்தியம் ஆகாது. இணைப்பு கிடைக்காவிட்டால் சற்றுப் பொறுத்து மறுபடி முயலும்படி செயலியை எழுதுவதுதான் நிலைக்கும். தரவுத்தளம் நடுராத்திரியில் ஒரு நிமிடம் விழுந்து எழுந்தாலும் அது தாங்கும்.

வரிசையைக் கண்ணால் பார்க்க 'சர்வீஸ் -ஆர்' கொடுங்கள், பட்டியல் வரும். ஒன்று இன்னொன்றைக் கேட்க, அது மறுபடி முதலாவதைக் கேட்க, வட்டமாகச் சுற்றிக்கொண்டால் ஆர்சிஆர்டர் எச்சரிக்கை கொடுக்கும். இல்லாத ஒன்றைக் கேட்டிருந்தாலும் கொடுக்கும். பூட் திரையில் அந்த எச்சரிக்கை விநாடியில் ஓடிப்போய்விடும்; ஆர்சிஆர்டரைக் கையால் ஓட்டினால் நிற்கும்.

இந்தக் கேள்வியில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஆர்சி ஸ்கிரிப்டுகளை இயல்பாக ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட்டும். பதிவேடு பின்னணிக்குப் போகாமல் முன்னணியிலேயே ஓடினால், அல்லது சான்றிதழ்ச் சாவிக்கு ரகசியச் சொல் கேட்டு நின்றால், அதற்கடுத்த எதுவும் தொடங்காது. கையால் ஓட்டும்போது ரகசியச் சொல்லைத் தட்டிவிட்டு மறந்திருப்பீர்கள்; பூட்டில் தட்ட ஆள் இல்லை. எஸ்எஸ்ஹெச் சேவை வரிசையில் பின்னால்தான் வரும். எனவே தொலைவிலிருந்து உள்ளே நுழையவும் வழி இருக்காது. கன்சோலுக்கு முன்னால் போய் கன்ட்ரோல் சி அழுத்தினால் அந்த ஒரு ஸ்கிரிப்ட் மட்டும் முறிந்து, மற்றவை தொடரும்.

மூன்றாவது கேள்வி: எந்த நிலையில் கூப்பிட்டார்கள்?

பெரும்பாலான வழக்குகள் தீர்வது இங்கேதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நீங்கள் டெர்மினலில் உட்காரும்போது உங்கள் ஷெல் ஏகப்பட்ட சாமான்களோடு வருகிறது. பாத் பட்டியல், வீட்டு டைரக்டரி, மொழி அமைப்பு, நீங்கள் எப்போதோ ப்ரொஃபைலில் எழுதிவைத்த மாறிகள், நிற்கும் இடம், எல்லாம் சேர்ந்தே வரும். பூட்டின்போது ஸ்கிரிப்டுக்கு இதில் எதுவும் கிடையாது. 'சர்வீஸ்' கமாண்டின் கையேட்டுப் பக்கம் இதைத் திறந்து சொல்கிறது: வீட்டு டைரக்டரி வெறும் '/'. பாத் பட்டியலில் நான்கே இடங்கள்: '/எஸ்பின்', '/பின்', '/யூஎஸ்ஆர்/எஸ்பின்', '/யூஎஸ்ஆர்/பின்'. இதில் என்ன இல்லை? '/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்' இல்லை. ஃப்ரீபிஎஸ்டியில் நாம் நிறுவும் பைத்தான், பெர்ல், பேஷ் எல்லாம் குடியிருப்பது அங்கே. பதிவேட்டின் முதல் வரி 'என்வ்' வழியாகப் பைத்தானைத் தேடச் சொன்னால், உங்கள் டெர்மினலில் கிடைக்கும், பூட்டில் கிடைக்காது. 127 என்ற வெளியேற்ற எண் வரும். கமாண்ட் அகப்படவில்லை என்று பொருள். 126 வந்தால், கிடைத்தது, ஆனால் இயக்க முடியவில்லை. பைத்தானின் முழுப் பாதையையும் எழுதிவிட்டால் இந்த வழக்கு முடிந்தது.

இதனால்தான் ஸ்கிரிப்டை நேரடியாகப் பாதை கொடுத்து ஓட்டாதீர்கள், 'சர்வீஸ்' கமாண்ட் வழியாகவே ஓட்டுங்கள் என்று சொல்வது. 'சர்வீஸ்' உங்கள் சாமான்களைப் பறித்துக்கொண்டு, பூட்டில் கிடைப்பதை மட்டும் கையில் கொடுத்து ஓட்டுகிறது. பூட் வரை காத்திராமலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

அதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. கையால் ஓட்டும்போது ஸ்கிரிப்டின் முதல் வரி பார்க்கப்படுகிறது. அதில் பேஷ் என்றிருந்தால் பேஷ்தான் ஓட்டும். பூட்டில் ஆர்சி ஒரு துணை ஷெல்லைத் திறந்து, அதற்குள் ஸ்கிரிப்டை வரிவரியாக வாசித்துக்கொள்கிறது. அந்த ஷெல் சாதாரண 'எஸ்ஹெச்'. முதல் வரி அங்கே வெறும் குறிப்பு, அவ்வளவுதான். பேஷுக்கு மட்டும் உரிய அரே போன்றவற்றை எழுதியிருந்தால் கையில் ஓடும், பூட்டில் இலக்கணப் பிழை. தொடக்க ஸ்கிரிப்டைச் சாதாரண ஷெல்லிலேயே எழுதுங்கள்.

விண்டோஸில் திருத்திக் கொண்டுவந்த ஸ்கிரிப்டும் இதே வரிசையில் சேரும். ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டு வரும். கையால் ஓட்டினால் 'நாட் ஃபவுண்ட்' என்று வரும். கோப்போ கண்முன்னால் இருக்கிறது. கிடைக்காதது ஸ்கிரிப்ட் அல்ல; முதல் வரியின் கடைசியில் அந்த எழுத்தையும் சேர்த்துக்கொண்ட ஒரு ஷெல். அப்படி ஒன்று உலகத்தில் கிடையாது.

அடுத்தது, யாராக ஓடுகிறது என்பது. சோதனைக்காக ரூட்டாக இருந்து பதிவேட்டை ஒருமுறை கையால் ஓட்டுகிறீர்கள். ஓடுகிறது. அந்த ஒரு ஓட்டத்தில் லாக் கோப்பு உருவாகிவிடுகிறது. அதன் உரிமையாளர் ரூட். பிறகு பூட்டில் சேவை தன் சொந்தப் பயனராக எழுந்து, அந்த லாக்கில் எழுதப் போகிறது. அனுமதி இல்லை. விழுகிறது. நோய் பார்க்கப் போன கையே நோயைக் கொடுத்துவிட்டது. 'நேற்று ஓடியதே' என்று யாராவது சொன்னால், முதலில் லாக் கோப்பு, ப்ராசஸ் எண்ணைக் குறித்துவைக்கும் பிஐடி கோப்பு, தரவு டைரக்டரி ஆகியவற்றின் உரிமையாளர் யார் என்று பாருங்கள். சோதனையைச் சேவையின் பயனராகவே செய்யுங்கள். போர்ட் எண் 1024க்குக் கீழே என்றால், ரூட்டாக இருந்தபோது கிடைத்த போர்ட் சாதாரணப் பயனருக்கு இயல்பாகக் கிடைக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

நான்காவது கேள்வி: தொடங்கியது உண்மையா? தொடங்கியதை ஸ்கிரிப்ட் அறிந்திருக்கிறதா?

'ஸ்டார்ட்டிங் பதிவேடு' என்று திரையில் வந்தால், தொடங்கும்படி சொல்லப்பட்டது என்று மட்டும் பொருள். டீமன், அதாவது பின்னணியில் ஓடும் அந்த நிரல், பின்னணிக்குப் போன பிறகு அரை விநாடியில் செத்தாலும் ஸ்கிரிப்ட் வெற்றி என்று பொருள்படும் பூஜ்யத்தைச் சொல்லிவிட்டு நிம்மதியாகப் போயிருக்கும். 'சாக்ஸ்டாட்' கொடுத்து 8080இல் யாராவது காத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சாட்சி அதுதான்.

இதற்கு நேர் எதிரான வழக்கும் உண்டு. சேவை ஓடிக்கொண்டிருக்கும், 'ஸ்டேட்டஸ்' கேட்டால் ஓடவில்லை என்று வரும். ஃப்ரீபிஎஸ்டி பிஐடி கோப்பில் உள்ள எண்ணை மட்டும் நம்பாது. அந்த எண்ணில் ஓடும் ப்ராசஸின் பெயரும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். மெஷின் திடீரென்று விழுந்து எழுந்த பிறகு, பழைய எண் வேறொரு ப்ராசஸுக்குப் போயிருக்கலாம் அல்லவா? நல்ல எச்சரிக்கை. ஆனால் பதிவேடு பைத்தானில் எழுதியது. ப்ராசஸ் பட்டியலில் அது பைத்தான் என்றே நிற்கும். 'கமாண்ட் இன்டர்ப்ரெட்டர்' என்ற மாறியில் பைத்தானின் பாதையைச் சொல்லாவிட்டால், ஸ்கிரிப்டுக்குத் தன் பிள்ளையை அடையாளம் தெரியாது. 'ஸ்டாப்' வேலை செய்யாது. மறுபடி 'ஸ்டார்ட்' கொடுத்தால் இரண்டாவது ஒன்று எழுந்து, முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லி விழும். லாக்கில் தெரிவது அந்தக் கடைசிச் செய்தி மட்டும். எல்லாரும் போர்ட்டைச் சந்தேகப்படுவார்கள்.

தானாகப் பின்னணிக்குப் போகத் தெரியாத செயலிகளுக்கு 'டீமன்' என்றே ஒரு கமாண்ட் இருக்கிறது. விழுந்தால் மறுபடி எழுப்பும்படி '-ஆர்' கொடுக்கலாம். கொடுக்கும்போது பிஐடி கோப்புக்குச் சின்ன 'பி' போட்டால் பிள்ளையின் எண் எழுதப்படும். பெரிய 'பி' போட்டால் காவலாளியாக நிற்கும் 'டீமன்' கமாண்டின் எண். '-ஆர்' உடன் சின்ன 'பி' போட்டால், நீங்கள் 'ஸ்டாப்' என்று பிள்ளையை நிறுத்துவீர்கள். காவலாளி தன் கடமையைச் செய்து மறுபடி எழுப்பிவிடுவார். நிறுத்தவே முடியாத சேவை. பெரிய 'பி' போடுங்கள்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கிரிப்ட் எங்கே நிற்கிறது என்று பார்க்க 'எஸ்ஹெச் -எக்ஸ்'. ஒவ்வொரு வரியையும் சொல்லிக்கொண்டே ஓடும். பூட்டில் கன்சோலில் ஓடிப்போன செய்திகளைப் பிறகு படிக்க 'டிமெசேஜ் -ஏ'. டீமன் எந்தக் கோப்பைத் திறக்கப் போய்த் தோற்றது என்று பார்க்க 'ட்ரஸ்'. இந்த வரிசையிலேயே போங்கள். 'ட்ரஸ்' கொட்டும் ஆயிரம் வரிகளில் முதலிலேயே குதித்தால் மூழ்கிவிடுவீர்கள்.

லினக்ஸ் நண்பர்கள், எங்களிடம் தொடக்க வேலைக்குச் சிஸ்டம்டி இருக்கிறதே, இதெல்லாம் எங்களுக்கு எதற்கு என்று நினைக்கலாம். 2010இல் அறிமுகமாகி, 2015இல் வந்த டெபியன் 8 முதலானவற்றில் அதுவே இயல்பாகிவிட்டது உண்மை. கேள்விகள் மாறவில்லை. 'ரெக்வயர்ஸ்' மட்டும் எழுதினால் அங்கே முன்பின் வரிசை கிடைக்காது. 'ஆஃப்டர்' தனியாக எழுத வேண்டும். சூழலும் அங்கே வெறுமைதான். வெளியேற்ற எண் 203 என்றால் நிரலை இயக்கவே முடியவில்லை, 217 என்றால் அந்தப் பயனரில் சிக்கல், 200 என்றால் வேலை டைரக்டரிக்குள் நுழைய முடியவில்லை என்று அது பிரித்துச் சொல்கிறது. அந்த உதவியை வாங்கிக்கொள்ளுங்கள். '/ரன்' டைரக்டரி அங்கே நினைவகத்தில் இருப்பது. நிறுவும்போது அதற்குள் கையால் உருவாக்கிய துணை டைரக்டரி முதல் ரீபூட்டோடு போய்விடும். ஆறு மாதம் ஒழுங்காக ஓடிய சேவை ஒருநாள் ரீபூட்டில் விழுவதற்கு இது ஒரு நல்ல காரணம்.

முடிக்கும் முன் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. தொடக்க ஸ்கிரிப்ட் தோற்கும் நாளில் அதை எழுதியவர் அந்த அலுவலகத்தில் இருக்க மாட்டார். முன்பின் தெரியாத இன்னொருவர் கன்சோல் முன்னால் நிற்பார். அவருக்கு உதவ, தேவையான கோப்புகளை 'ரெக்வயர்ட் ஃபைல்ஸ்' மாறியில் எழுதிவையுங்கள். இல்லாத கோப்பின் பெயரை அது சொல்லிவிட்டு நிற்கும். டைரக்டரி தேவையென்றால் தொடங்கும் முன் ஸ்கிரிப்டே சரியான உரிமையாளர் பெயரில் உருவாக்கிக்கொள்ளட்டும். 'ஸ்டேட்டஸ்' உண்மை சொல்கிறதா என்று சோதியுங்கள்; 'ஸ்டாப்' இரண்டு தடவை கொடுத்துப் பாருங்கள். சர்வரை ஒப்படைப்பதற்கு முன்னால், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும் பகல் வேளையில் ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். அதுவரை நீங்கள் சோதித்தது உங்கள் டெர்மினலில் ஓடும் சேவையை. ஒப்படைக்கப் போவது யாரும் இல்லாதபோதும் எழுந்து நிற்க வேண்டிய சேவையை. அந்த ரீபூட்டைச் செய்து பார்க்காதவரை வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடாதீர்கள்.